அளந்து பாராத கிணறு

அறியாமற் செய்த தீங்குக்கு மனிதன் பொறுப்பாளியா? மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் கேட்கும் கேள்வி இது. குருமடத்தில் ஒழுக்க இறையியல் படிப்போர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் கேள்வியும் இதுவே. அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரம் அதனைப் புத்தகத்திலிருந்து வெளியே எடுத்து, பெரியகல்லாற்று வளவு ஒன்றின் கிணற்றுக்கட்டில் வைத்துப் பார்ப்போம். அக்கேள்வி இப்போது நம் வாளித் தண்ணீருக்குள் வந்து நிற்கிறது.

பெரியகல்லாற்றின் இருப்பு நமக்குத் தெரிந்ததே. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒடுங்கிய மணற்றிடல். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் வாய்கள் இரண்டில் ஒன்று பாலமீன்மடுப் பக்கம். மற்றது இந்தக் கல்லாறு. இரு புறமும் உப்பு நீர் சூழ்ந்திருக்க, நடுவே கிணற்றில் நன்னீர் கிடைப்பது எப்படி? மாரிமழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீருக்கு மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கிறது. அவ்வளவுதான் நம் சொத்து. இதற்கு ஒரு கணக்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், அவருக்குப் பின் ஜேர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு அது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமானால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இதையே மறுபுறமாகப் படித்துப் பாருங்கள். மேலே ஓரடியை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும்.

2004 டிசெம்பர் 26இல் கடல் இத்திடலின் மேல் ஏறி இறங்கியபோது இந்தக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? கிணறுகள் உப்பும் சேறுமாய்க் கிடந்தன. உதவிக்கு வந்தவர்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறைத்தார்கள். சேற்றையும் அழுக்கையும் அகற்ற ஒருமுறை இறைப்பது தேவையே. ஆனால், உப்புக் குறையவில்லையே என்று மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில், கீழே கிடந்த உப்பையும் மேலே அழைத்துக்கொண்டார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நம் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து வந்தார்கள். கிணற்றைக் கழுவிக் கொடுத்தது இயந்திரம் அன்று, அடுத்தடுத்த மழையே என்பது அதனால்தான் தெளிவாயிற்று. இறைத்தவர்களிடம் அன்பு நிறைய இருந்தது. அவர்களை யாரும் குற்றஞ்சாட்ட முடியாது. அப்போது அவர்கள் அறியக்கூடியதாக இருந்தது அவ்வளவே. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

உப்பையாவது நாக்கு சொல்லிவிடும். நாக்கு சொல்லாத ஒன்றும் உண்டு. அதன் பெயர் நைத்திரேற்று.

களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மணல் தோட்டங்களைப் பாருங்கள். வெங்காயம், மிளகாய், கத்தரி, வெற்றிலைக் கொடி ஆகிய எல்லாவற்றையும் அந்த வெறும் மணலில் விளைவிக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே நாள்தோறும் இறைக்க வேண்டும். மணல் பசளையையும் பிடித்து வைப்பதில்லை. ஆகவே திரும்பத் திரும்பப் போட வேண்டும். போட்ட யூரியாவின் ஒரு பகுதியைப் பயிர் உண்கிறது. மீதி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறி, நீரில் கரைந்து, இறைத்த நீரோடும் பெய்த மழையோடும் கீழே இறங்கி, எந்தக் கிணற்றிலிருந்து இறைத்தோமோ அதே கிணற்றுக்கு வந்து சேர்கிறது. ஊர்மனைக்குள் வேறொரு வழியும் உண்டு. வளவுகள் சிறுத்துவிட்டன. பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த துண்டு நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைய நேர்கிறது. அங்கிருந்து கிருமியும் வருகிறது, நைத்திரேற்றும் வருகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பளிங்குபோன்ற தண்ணீர் என்று விருந்தாளிக்கு வார்த்துக் கொடுப்போம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1945ஆம் ஆண்டு ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இரு கைக்குழந்தைகளைப்பற்றி எழுதினார். குழந்தைகளின் உடல் நீலம் பாரித்திருந்தது. புட்டிப்பால் கரைக்க வீட்டுக் கிணற்று நீரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தது. சில மாதக் குழந்தையின் உடலில் அது இரத்தத்தை ஒட்சிசன் சுமக்க இயலாததாக்கிவிடுகிறது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் ஆகாது என்று எல்லை வகுத்துள்ளது.

தாய்மார் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு என்று நீரை நன்றாகக் கொதிக்கவைக்கிறீர்கள். கிருமிக்கு அது சரியான மருந்து. ஆனால் நைத்திரேற்று கொதித்துப் போவதில்லை. நீர் ஆவியாகி வற்ற வற்ற, எஞ்சிய நீரில் அது சற்றுக் கூடவே செய்யும். அதிக அக்கறையுள்ள தாய் அதிக நேரம் கொதிக்கவைப்பாள். அவளுடைய அன்பில் குறையில்லை. அவளுக்கு ஓர் எண்ணைச் சொல்லக்கூடியவர்கள் சொல்லாமல் இருந்தார்கள், குறை அங்கேதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். புனித அக்குவினாஸ் தோமையார் அறியாமையை ஒரே குவியலாகப் பார்க்கவில்லை. எவ்வளவு முயன்றும் அகற்றமுடியாத அறியாமை ஒன்று. அது மனிதனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும். முயன்றால் அகற்றியிருக்கலாம், ஆனால் அசட்டையால் விட்டுவிட்டோம் என்ற அறியாமை இன்னொன்று. அறியவேண்டிய கடமை நமக்கு இருந்திருந்தால் அது விடுவிக்காது. மூன்றாவதாக ஒன்றையும் அவர் சொல்கிறார். அறிந்தால் செய்கிற காரியத்தை நிறுத்தவேண்டி வருமே என்று அஞ்சி, அறியாதிருக்கவே விரும்புவது அது. குற்றத்தைக் குறைப்பது இருக்கட்டும், சிலவேளை அது குற்றத்தைக் கூட்டும் என்கிறார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த துறவிக்கு யூரியாவும் தெரியாது, ஆய்வுகூடமும் தெரியாது. ஆனாலும் மனிதன் எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான் என்பது தெரிந்திருந்தது.

முன்பு யாத்திராகமம் என்று வழங்கிய விடுதலைப் பயண நூலின் இருபத்தோராம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஞாயிறு வாசகங்களில் அதிகம் வராத பகுதி. முட்டும் மாட்டைப்பற்றி அங்கே ஒரு சட்டம் உண்டு. மாடு ஒருவனை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டுக்காரன் குற்றவாளி அல்லன். ஆனால் அது முன்பே முட்டும் மாடு என்று அவனுக்கு எச்சரிக்கப்பட்டிருந்தும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அவன் குற்றவாளி. அதே மாடு, அதே கொம்பு, அதே மரணம். இரு தீர்ப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு எச்சரிக்கை ஒன்றே. சில வசனங்கள் தள்ளி இன்னொரு சட்டம்: குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் பிறருடைய மாடு விழுந்தால் ஈடு செய்யவேண்டும். இங்கே எவரும் எச்சரித்திருக்கத் தேவையில்லை. குழி வெட்டியவன் தானாகவே சிந்தித்திருக்க வேண்டும்.

நாம் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே அளந்து எழுதினார்கள். அதே பத்தாண்டில் புத்தளத்துக் கற்பிட்டியின் மணல் தோட்டங்களிலும் அதையே கண்டார்கள். கற்பிட்டி மணலும் நம் எழுவான்கரை மணலும் ஒரே குணம் உள்ளவை. ஆகவே ‘இப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கும் காலம் கடந்துவிட்டது. மாடு முட்டும் என்பது சொல்லப்பட்டாயிற்று. நம் தொழுவத்தில் நிற்கும் மாடு முட்டுமா என்பதே அறியவேண்டியது; அதை அளந்துதான் அறியலாம்.

மறுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. “சுவாமி, எங்கள் அப்பாவும் அம்மாவும் இந்தத் தண்ணீரைக் குடித்தே எண்பது வயது வரை இருந்தார்கள்” என்பது ஒன்று. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் குடித்தது இதே கிணறு, இதே தண்ணீர் அன்று. அவர்கள் காலத்தில் துலாவால் இறைத்தார்கள்; எருவும் குழையும் போட்டார்கள்; வளவில் ஒரு வீடு இருந்தது.

இரண்டாவது மறுப்பு கனமானது. அளந்து தெரிந்துகொண்டு என்ன செய்ய? கெட்டது என்று எழுதிக் கொடுப்பார்கள், நல்ல தண்ணீர் கொண்டுவந்து தருவார்களா? குழாய்நீர் வராத ஏழை வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவரைப் பார்த்து உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்றும், அதை ஏழைகளுக்கு மறுப்பது வாழும் உரிமையையே மறுப்பது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கடமை நீர் வழங்கல் சபைக்கும் பிரதேச சபைக்கும் அரசுக்கும் உரியது; ஏழையின் தலையில் அதை ஏற்றக்கூடாது. ஆயினும் அறிவதால் ஒரு பயனும் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். நைத்திரேற்று ஒரு வளவுக்கு ஒரு விதமாக இருக்கும். முப்பது யார் தள்ளியுள்ள கிணறு நன்றாக இருக்கக்கூடும். கைக்குழந்தைக்கு மட்டும் அங்கிருந்து ஒரு குடம் கொண்டுவரலாம். தாய்ப்பால் கொடுக்கும்வரை பிள்ளைக்கு இந்த ஆபத்து பெரும்பாலும் அணுகாது என்பதும், புட்டிப்பாலுக்கு மாறும்போதுதான் தண்ணீரைப்பற்றிக் கேட்கவேண்டும் என்பதும் செலவில்லாத அறிவு.

தோட்டக்காரருக்கும் ஆதாயம் உண்டு. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணற்றிலிருந்து ஓர் ஏக்கருக்கு ஒரு நாளில் பத்து மில்லிமீற்றர் அளவு நீர் பாய்ச்சினால், அது ஏறத்தாழ நாற்பதாயிரம் லீற்றர். அந்நீருக்குள் இருக்கும் நைதரசன் ஏறக்குறைய ஒரு கிலோ யூரியாவுக்குச் சமம். போன போகத்தில் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பசளை கிணற்றுக்குள் கிடந்து மேலே வருகிறது. அது தெரியாமல் கடைக்குப் போய் அதே அளவு மூட்டையை மறுபடியும் கடனுக்கு எடுக்கிறோம்! அளந்து அறிந்தவர் குறைத்துப் போடலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணையும் காட்டிக் கேட்கவேண்டும்.

அளக்காமல் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். 2021 மே மாதம் முதல் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் ஒரேயடியாகத் தடுக்கப்பட்டது; நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. படுவான்கரை வயல்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வட்டையில் மண் எப்படி, எந்தக் கிணற்றில் நீர் எப்படி என்று பார்க்காமல் போடு என்றார்கள். பார்க்காமலே நிறுத்து என்றார்கள். பார்க்காமலே மறுபடி போடு என்கிறார்கள். சூழலைக் காக்கிறோம் என்ற பெயரில் ஏழை விவசாயியின் ஒரு வருட உணவைப் பறித்ததை நான் அறச்செயல் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு சிக்கல்: விஞ்ஞானிகளே ஒத்துக்கொள்ளாத இடத்தில் என்ன செய்வது? வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சி, மெதிரிகிரியப் பக்கத்து விவசாயிகளிடையே 1990கள் முதல் கண்டறியப்பட்ட சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் நீரருந்தாத உழைப்பு எனப் பலவற்றைச் சொல்கிறார்கள். குருமடத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்வார்கள். புதருக்குள் ஏதோ அசைகிறது. மானாக இருக்கலாம்; விறகு பொறுக்க வந்தவனாகவும் இருக்கலாம். வேடன் சுடலாமா? மான் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அவன் கணக்குப் போட்டாலும் சுடக்கூடாது என்பதே மறுமொழி. பிறன் உயிர் சந்தேகத்தில் இருக்கும்போது பாதுகாப்பான வழியையே பின்பற்றவேண்டும். ஆனால் வேடனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. புத்தகங்கள் அதை அவ்வளவாக வற்புறுத்துவதில்லை. சுடாமல் நின்றால் மட்டும் போதாது, போய்ப் பார்க்கவும் வேண்டும்.

பார்த்தபின் சொல்லவும் வேண்டும். இங்கேதான் நம்மவர்க்கு உண்மையான சோதனை. தன் கிணறு கெட்டது என்று தெரிந்தவர் அதை ஊருக்குச் சொல்வாரா? வெற்றிலை வாங்க வரும் வியாபாரி என்ன சொல்வான்? பெண் பார்க்க வருபவர்கள் வீட்டுத் தண்ணீரை முகம் சுளித்துப் பார்ப்பார்களே? சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் கலந்தபோது ஊரே எழுந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு நாறியது, குற்றவாளி ஒரு நிறுவனம். வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் அம்மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா ஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நம் மணலில் குற்றவாளி யார்? அயலவர், மைத்துனர், நாம். யார்மேல் வழக்குப் போடுவது?

பிறருடைய உண்மையான குறையைத் தக்க காரணமின்றி வெளியிடுவது புறங்கூறும் பாவம் என்று நாம் போதிக்கிறோம். ஆகவே, இன்னாருடைய தோட்டத்தால் ஊர்த்தண்ணீர் கெட்டது என்று சந்தியில் நின்று பேசுவதை நியாயப்படுத்த முடியாது. ஒரு கிணற்றுக்கு வந்தது பல தோட்டங்களிலிருந்தும் பல குழிகளிலிருந்தும் வந்ததே. ஆனால் அந்த நீரைக் குடிப்பவரிடம் மறைப்பதற்கு இந்தப் போதனையைத் துணைக்கு அழைக்கக்கூடாது. அவருக்குச் சொல்லத் தக்க காரணம் உண்டு. உண்மையில், சொல்லாமலிருக்கவே காரணம் வேண்டும். குடிப்பவர்களுக்கு எண்ணைச் சொல்லுங்கள்; ஊருக்குப் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. பரிசோதிக்கும் உத்தியோகத்தருக்கும் இதுவே பொருந்தும். மாதிரி எடுத்துக்கொண்டு போய், கோப்பில் வைத்துவிட்டு, வீட்டுக்காரருக்குப் பதில் அனுப்பாமல் விடுவது, சம்பளம் வாங்கிச் செய்யும் அறியாமை.

மாரியில் வாவி பெருகி வயல்களையும் வீடுகளையும் மூடவரும்போது கல்லாற்று முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறோம். எல்லாரும் கூடுகிறோம், அதிகாரிகளும் வருகிறார்கள், இயந்திரமும் வருகிறது. கண்முன்னே ஏறிய நீர் அது. காலுக்குக் கீழே கெடும் நீருக்கு அப்படிக் கூட்டம் கூடாது. ஒருநாள் கூடினாலும் போதாது. ஒரே கிணற்றை வருடாவருடம் அதே காலத்தில் பார்த்தால்தான் கெடுகிறதா, தேறுகிறதா என்று தெரியும். ஒருமுறை எடுத்த எண் ஓர் எண்தான்.

நம் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. பாட்டனுக்குப் பாட்டன் பெயரைத் தேடி எடுக்கலாம். மரணப் பதிவேடும் இருக்கிறது. பங்கிலுள்ள கிணறுகளுக்கு ஒரு கொப்பி வைத்தால் என்ன? பங்குச் சபையும் வின்சென்ட் தே பவுல் சபையும் இளைஞரும் சேர்ந்து, இருபது கிணறுகளோடு தொடங்கலாம்; இந்து, மெதடிஸ்த, முஸ்லிம் அயலவரின் கிணறுகளும் அதில் சேரவேண்டும், நிலத்தடியில் வேலி இல்லை. உப்பை அளக்கும் சிறு கருவியை நீரில் தோய்த்தவுடன் எண் காட்டும். நைத்திரேற்றுக்கு நிறம் மாறும் பரிசோதனைத் தாள்கள் உண்டு. எல்லையை நெருங்கினால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்த வேண்டும். கிருமிக்கு முதலிலேயே ஆய்வுகூடம்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியை நாடுங்கள்.

வருடத்துக்கு இருமுறை போதும்: மழை தொடங்குமுன் புரட்டாதியில் ஒன்று, மழை ஓய்ந்தபின் மாசியில் ஒன்று. போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று முறை அலசி, வாய்மட்டும் நிரப்பி, இறுக மூடி, நிழலில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வுகூடத்தார் தரும் சுத்தப்படுத்திய போத்தலை அலசாமல் பயன்படுத்த வேண்டும். போத்தலில் கிணற்றின் இலக்கம், திகதி, நேரம். கொப்பியில் அவற்றோடு, கடைசியாகப் பசளை போட்ட நாளும், அந்த வீட்டில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிறதா என்பதும்.